மைனஸ் கே அண்ணை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற எந்த ஒழுங்கையிலும், ஏதாவதொரு தொடர்மாடியில் இந்த அண்ணை இருப்பார். ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை. "கொம்பியூட்டர்" என்று அம்மா சொல்லுவா. கீழ்வீட்டு மாமி அதை "கொம்பியூட்டர் திருத்துறது" என்று விளங்கிக்கொண்டு, பிரிண்டரில் கடதாசி இறுகினால் ஆள் அனுப்புவா. அண்ணையும் போவார். பிரிண்டர் சரிவராது. ஆனால் மாமியின் மடிக்கணினியில் எழுத்தின் அளவும் திரையின் நிறமும் மாறியிருக்கும்.

வந்த கோலத்தில் ஒன்றை விட்டுவைக்க அண்ணைக்கு ஏலாது. அப்படிப்பட்டவருக்கு ஈமாக்ஸ் வாய்த்ததை விதி என்றுதான் சொல்லவேண்டும். 1985இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் வெளியிட்ட குனூ ஈமாக்ஸ், நிரல் எழுதுகிற எடிட்டர். அதில் மாற்ற முடியாதது என்று பெரிதாக எதுவும் இல்லை.

நிரலைக் கொம்பைல் பண்ணு என்று அதற்குச் சொன்னால், கீழ்வரியில் 'மேக் மைனஸ் கே' என்று தானே எழுதிக்காட்டி, சம்மதம் கேட்டு நிற்கும். எண்டரைத் தட்டவேண்டியதுதான். மேக் என்பது 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய கருவி. எதை எப்படிக் கட்டுவது என்று மேக்ஃபைல் என்ற கோப்பில் எழுதிவைத்தால், மாறிய கோப்புகளைச் சார்ந்தவற்றை மட்டும் திரும்பக் கட்டித்தரும். மைனஸ் கே என்றால், ஓரிடத்தில் பிழை வந்ததற்காக நின்றுவிடாதே, மற்றப் பக்கத்தில் கட்டக்கூடியதைக் கட்டிக்கொண்டு போ என்று அர்த்தம். எங்கள் பக்கத்துத் தொடர்மாடி முதலாளிமாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மற்றவர்கள் எண்டரைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். அண்ணை கேட்பார்: "மேக்ஃபைலே இல்லாத ஒற்றைக் கோப்புக்கு மேக் என்னத்துக்கு, தம்பி?"

நியாயமான கேள்விதான். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. முதலில் மேக்கை எடுத்துவிட்டு, சி மொழிக் கொம்பைலரான ஜிசிசியை வைத்தார். ஜாவா கோப்பைத் திறந்தாலும் ஜிசிசி வந்து நின்றது. ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு கட்டளை என்று பிரித்து எழுதினார். கட்டளை இருக்கிற மாறியை அந்தந்தக் கோப்புக்குள் மட்டும் அடக்கிவைக்க மறந்ததால், கடைசியாகத் திறந்த கோப்பின் கட்டளை எல்லாக் கோப்புகளையும் ஆளத் தொடங்கியது. அதையும் திருத்தினார். பிறகு, அடைவில் மேக்ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கச் செய்தார்; இல்லாவிட்டால் மேல் அடைவில், அங்கும் இல்லாவிட்டால் அதற்கும் மேலே. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது ஊரே மெழுகுதிரி தேடியது. அண்ணை பற்றறி முடியும்வரைக்கும் மேக்ஃபைல் தேடினார்.

மிச்சம் இருந்தது அந்த எண்டர் ஒன்றுதான். சம்மதம் கேட்காதே என்று சொல்லவும் ஈமாக்ஸில் ஒரு மாறி உண்டு. அதையும் அணைத்தார். ஆனால் ஈமாக்ஸ் லேசுப்பட்டதல்ல. கொம்பைல் கட்டளையைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைத்திருந்தால், ஓடமுன்னர் எப்படியும் ஆளைக் கேட்போம்தானே என்ற நம்பிக்கையில்தான் அது பேசாமல் ஏற்றுக்கொள்ளும். அந்தக் கேள்வியை நிறுத்திவிட்டால், கோப்பைத் திறக்கும்போதே "இது ஆபத்தில்லாததா?" என்று வாசலில் மறிக்கும். ஒரு எண்டரை மிச்சம் பிடித்த அண்ணை இப்போது கோப்புக்கொரு 'வை' தட்டிக்கொண்டிருக்கிறார்.

கீழ்மாடிக் கம்பஸ் தம்பி ஒருநாள் இரவு பத்துமணிக்கு ஓடிவந்தான். பன்னிரண்டுக்குள் அசைன்மென்ட் அனுப்பவேணும்.

"அண்ணை, உதில ஒரு எரர் வருது."

"அது கிடக்கட்டும். உன்ர கொம்பைல் கொமாண்ட் என்ன?"

பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. எஃப் ஐந்தைத் தட்டினால் போதும், கொம்பைல் ஆகும். தம்பி தட்டினான். அதே எரர், வடிவான சிவப்பில். ஒரு அரைப்புள்ளி விடுபட்டிருந்தது. அண்ணையின் முகத்தில் பெருமை. "பாத்தியோ, எந்த வரி எண்டு இப்ப எவ்வளவு தெளிவாக் காட்டுது!"

கொட்டாஞ்சேனையில் இவருக்கு ஒரு எதிராளி உண்டு. ஜம்பட்டா வீதிக்காரர், விம் ஆள். 1991இல் பிராம் மூலனார் வெளியிட்ட அந்த எடிட்டரிலும் கொம்பைலுக்கு வந்து நிற்பது மேக்தான்; மைனஸ் கே மட்டும் இல்லை. சனிக்கிழமைகளில் இருவரும் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் சந்திப்பார்கள். "ஒரு எடிட்டருக்கு இவ்ளோ செட்டிங்கா மச்சான்?" என்று விம்காரர் சிரிப்பார். அவருடைய செட்டிங் கோப்பின் நீளத்தை அவரும் சொல்லமாட்டார், அண்ணையும் கேட்கமாட்டார். இருவரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம், மேக்ஃபைலில் கட்டளை வரிகள் டப்பில்தான் தொடங்கவேண்டும் என்ற சட்டத்தைத் திட்டுவது. ஃபெல்ட்மன் அதை மாற்ற நினைத்தபோது ஏற்கெனவே ஒரு டசின் பேர் மேக்கைப் பாவித்துக்கொண்டிருந்தார்களாம். அவர்களைக் குழப்பக்கூடாது என்று விட்டுவிட்டார். அந்த மனுசனுக்கு 2003இல் ஏசிஎம் விருதும் கொடுத்தார்கள்.

போன மாதம் அண்ணையின் கம்பனியில் ஒரு அறிவித்தல் வந்தது. இனி ஒருவரும் தங்கள் கணினியில் கொம்பைல் பண்ணத் தேவையில்லை; கோப்பை அனுப்பினால் சேர்வரே எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளும். உடைந்துபோவார் என்று கந்தோரில் பயந்தார்கள். அண்ணை அறிவித்தலை ஆறுதலாக வாசித்துவிட்டு, அந்தச் சேர்வரின் செட்டிங் கோப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.