'ஹாட்' ஸ்பானிய மொழிக்குப் போகும்போது

கேள்வி: 'ஹாட்' என்னும் ஆங்கிலப் பெயரடைக்கு ஸ்பானிய மொழியில் 'கலியெந்தே' என்ற சொல் இருக்கிறதே, எல்லா இடத்துக்கும் அது ஒன்றே போதாதா?

பதில்: காப்பிக்குப் போதும், அதைக் குடிப்பவருக்குப் போதாது. தொட்டால் சுடும் பொருளின் தன்மையையே அச்சொல் முதன்மையாகக் குறிப்பதால், உடலில் வெக்கையை உணர்பவர் பெயரடையைக் கைவிட்டு, வெப்பம் என்று பொருள்படும் 'கலோர்' என்னும் பெயர்ச்சொல்லை எடுத்து, 'வெப்பத்தைக் கொண்டிருக்கிறேன்' என்ற அமைப்பில் 'தெங்கோ கலோர்' என்கிறார். மாறாக, 'எஸ்தோய் கலியெந்தே' என்று அவர் சொல்லிவிட்டால், பேச்சு வழக்கில் அது காம இச்சையைத் தெரிவிக்கும் தொடராதலால், கேட்பவர் மின்விசிறியைத் தேடாமல் முகம் சிவந்து நிற்பார். மிளகாயின் காரத்துக்கோ, குத்துதல், கொட்டுதல் என்னும் பொருளுடைய 'பிகார்' என்ற வினையிலிருந்து பிறந்த 'பிகாந்தே' உரியது.

மரபுத்தொடர்களில்தான் மொழிபெயர்ப்பாளரின் திறம் உண்மையாகவே வெளிப்படுகிறது. எவரும் கையில் வைத்திருக்க விரும்பாத சிக்கலைக் குறிக்கும் 'சூடான உருளைக்கிழங்கு' ஸ்பெயினில் 'பதாதா கலியெந்தே' என்றும் லத்தீன் அமெரிக்காவில் 'பாபா கலியெந்தே' என்றும் கிழங்கின் பெயர் மட்டும் மாறி அப்படியே வழங்குகிறது. ஆனால் சரக்கு விரைந்து விற்பதை ஆங்கிலம் சூடான கேக்கோடு ஒப்பிடும் இடத்தில், ஸ்பெயின் எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டமான சுரோவை நினைத்து 'கோமோ சுரோஸ்' என்கிறது. வெப்பத்தைச் சொல்ல வேண்டிய தேவையே அங்கு எழவில்லை, லத்தீன் அமெரிக்காவிலோ சூடான ரொட்டியான 'பான் கலியெந்தே' அந்த இடத்தைப் பிடிக்கிறது. இக்கட்டில் சிக்கியவர் 'வெந்நீரில் இருக்கிறார்' என்னும் ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ஸ்பானிய வாசகர் அவர் நிம்மதியாகக் குளிக்கிறார் என்றே எண்ணுவார் என்பதால், நெருக்கடிகளில் இருத்தல் என்று பொருள்படும் 'எஸ்தார் என் அபூரோஸ்' என்பதே அங்குப் பொருந்தும்.