தகரக் கொட்டகைத் தேவாலயம்

கேள்வி: போர்க்கைதி முகாம் என்றாலே முள்வேலிதானா? உருப்படியாக எதுவும் மிஞ்சியதில்லையா?

பதில்: முள்கம்பியே சிலையான கதை உண்டு!

ஸ்காட்லாந்தை ஒட்டிய ஆர்க்னியில், லாம் ஹோம் என்ற குட்டித்தீவுக்கு 1942-ல் இத்தாலியக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். வேலை, கடலின் குறுக்கே தடுப்பு கட்டுவது. 'போர் வேலைக்குக் கைதிகளை ஏவக்கூடாது' என்று அவர்கள் முரண்டுபிடிக்க, 'தடுப்பா? தீவுகளை இணைக்கும் பாதை ஐயா!' என்றது ஆங்கிலேய நிர்வாகம். அரசாங்கம் எந்த ஊரிலும் அரசாங்கம்தான்.

ஓய்வு நேரத்தில் கைதிகள் இரண்டு தகரக் கொட்டகைகளை இணைத்துத் தேவாலயம் ஆக்கினார்கள். மாட்டிறைச்சி டப்பாவில் விளக்கு. வெறும் பலகையில் செங்கல் சுவர் போல ஓவியம். டொமெனிகோ கியோக்கெட்டி என்ற கைதியின் கைவண்ணம் அது. முள்கம்பியில் சிமென்ட் பூசிப் புனித ஜார்ஜ் சிலையும் செய்தார். 1960-ல் திரும்பி வந்து ஓவியங்களைச் சீர்செய்தும் கொடுத்தார்.

முகாமில் மிஞ்சியவை தேவாலயமும் சிலையும்தான். தடுப்பின் மேல் இன்றும் கார்கள் ஓடுகின்றன.