பட்டை, கிராம்பு, மெழுகுவர்த்தி

2012-இல் சென்னையில் தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். வெளியூர்க்காரர்கள் பாட்டைக் கேட்கவே வேண்டாம். அப்போதெல்லாம் மெழுகுவர்த்தி என்பது உப்பு, புளியோடு மளிகைச் சீட்டில் எழுதுகிற சாமான். அதற்குப் பூ வைத்துப் பொட்டு வைத்து யாரும் அழகு பார்த்ததில்லை. பிறகு வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது, மெழுகுவர்த்திக்கு வேலை போனது. என் வீட்டுக்காரரும் வங்கியிலிருந்து ஓய்வுபெற்றார். வேலையில்லாத இருவரும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் சந்தித்துக்கொண்டார்கள்.

"கடையில வாங்கிக் கொடுத்தா அது பரிசா? நம்ம கையால செஞ்சு கொடுக்கணும்" என்றார். கை அவருடையது. சாமான் என்னுடையது.

முதலில் மெழுகுவர்த்திமேல் வாட்டர் கலரில் ஒரு மயில் வரைந்தார். மெழுகுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. மயில் முத்து முத்தாகத் திரண்டு மேஜைக்கு இறங்கிவிட்டது. அக்ரிலிக் பெயின்ட் பரவாயில்லை. ஸ்பிரிட் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் பூசினால் ஒருவழியாகப் பிடித்துக்கொள்கிறது.

அடுத்தது பட்டை. குண்டு மெழுகுவர்த்தியைச் சுற்றி விரல் நீளப் பட்டைகளை நிறுத்தி, ரப்பர் பேண்டு போட்டு, அது தெரியாமல் சணல் கயிறு சுற்றினால் லட்சணமாகத்தான் இருக்கிறது. சந்துகளில் கிராம்பு, உச்சியில் அன்னாசிப்பூ. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பிரியாணியில் வாசனை மட்டும் இல்லை. "ஏங்க, அதுலயே கொஞ்சம் அரிசியும் கறியும் ஒட்டிக் கொளுத்துங்க, நாங்க தட்டோட வந்து உட்கார்ந்துக்கறோம்" என்றேன். அவர் காதில் விழவில்லை. சுடர் பக்கத்தில் இருந்தால் அன்னாசிப்பூ பற்றிக்கொள்ளும் என்று அதைக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

மனசார ஒப்புக்கொள்ள வேண்டியது டிஷ்யூ பேப்பர் வேலையைத்தான். பூப்போட்ட டிஷ்யூ பார்க்க ஒற்றைத் தாள், பிரித்தால் இரண்டு மூன்று அடுக்கு. படம் உள்ள மேலடுக்கை மட்டும் உரித்து, பூவை வெட்டி, மெழுகுவர்த்திமேல் வைத்து, சூடாக்கிய ஸ்பூனின் முதுகால் மெல்லத் தேய்க்க வேண்டும். மெழுகு இளகித் தாளுக்குள் ஊறும். தாள் மறைந்துபோய்ப் பூ மட்டும் நிற்கும். ஸ்பூனை இன்னொரு மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால் கரி பிடித்து ரோஜாவுக்கு மீசை முளைக்கும். கேஸ் அடுப்புதான் சரி. (மெழுகுவர்த்திமேல் பட்டர் பேப்பரை இறுக்கிச் சுற்றி ஹேர் டிரையரைக் காட்டினாலும் நடக்கும். மகளிடம் டிரையர் கேட்பது உங்கள் பாடு.)

கிரகப்பிரவேசம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், ஒன்றையும் அவர் விடவில்லை. வாங்கியவர்கள் எல்லாரும் "ஐயோ, இவ்வளவு அழகா இருக்கே, கொளுத்த மனசே வராது" என்றார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்கள். போகிற வீட்டிலெல்லாம் அது ஷோகேஸில், தலையாட்டி பொம்மைக்கும் பையன் ஓடி வாங்கிய கோப்பைக்கும் நடுவே, செலபேன் தாள்கூடப் பிரிக்காமல் நிற்கிறது. ஒரு வீட்டில் ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் அது இடுப்பை ஒடித்துப் பரதநாட்டிய அபிநயம் பிடித்திருந்தது. சாதாரண மெழுகு உருகி ஓட 50 டிகிரிக்கு மேல் வேண்டும், கூனிப்போக அவ்வளவு தேவையில்லை.

போன மாதம் எங்கள் இன்வெர்ட்டர் பேட்டரி உயிரை விட்டது. வீடு நிறைய மெழுகுவர்த்தி. "அது தாம்பரம் சித்திக்கு, இது உங்க அண்ணனுக்கு" என்று எதன்மேலும் கை வைக்க விடவில்லை. செல்போன் டார்ச்சில் தோசை சாப்பிட்டோம்.

கத்தோலிக்கக் கோயில்களில் பாஸ்காத் திரி என்று ஒன்று உண்டு. அதிலும் அலங்காரம்தான்: சிலுவை, அகரமும் னகரமும், அந்த ஆண்டின் நான்கு எண்கள், ஐந்து சாம்பிராணி மணிகள். ஆனால் உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தின இரவே அதை ஏற்றிவிடுகிறார்கள். ஆண்டைப் பொறித்துவிட்டதால் அடுத்த வருஷம் வேறு யாருக்கும் தள்ளிவிடவும் முடியாது. இந்த யோசனை என் கணவருக்கு இன்னும் எட்டவில்லை.

டிஷ்யூ பூவின் அழகே ஏற்றினால்தான் தெரியும். முதல் தடவை ஓர் அங்குலக் குறுக்களவுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில், மேல்பரப்பு கிட்டத்தட்ட விளிம்புவரை இளகும்படி எரியவிடுங்கள். பிறகு சுடர் மெல்ல உள்ளே இறங்கும். சுற்றுச்சுவர் நிற்கும், பூவுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும். எங்கள் மெழுகுவர்த்தி உங்கள் ஷோகேஸில் இருந்தால், பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தயவுசெய்து இன்றைக்கே ஏற்றிவிடுங்கள். அடுத்ததை இன்றே அனுப்பி வைக்கிறேன், இங்கே மேஜையில் தட்டு வைக்க இடமில்லை.