ஆறு ராக அலாரம்

அம்மையார்குப்பத்தில் காருக்கு அலாரம் மாட்டுகிறவர் முதலில் விசைத்தறியோடு மோத வேண்டும். தறிச் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு, ஆறு ராகம் மாற்றிப் பாடும் சைரன் எம்மாத்திரம்? ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி கிளம்பினால், பம்பை அடிக்கே அந்த அலாரத்துக்கு அருள் வந்துவிடும். ‘யாரு வண்டிப்பா?’ என்பதோடு ஊர் விசாரணை முடிந்தது.

கடைக்காரர் சத்தத்தைத்தான் போட்டுக் காட்டுவார். கேட்க வேண்டியது வேறு: அதிர்வு சென்சாரின் ரோஷத்தைக் குறைக்க முடியுமா? ரிமோட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீட்டை மாற்றுமா? பேட்டரி ஒயரைப் பிடுங்கினாலும் சைரன் கத்துமா? ஒயரை வெட்டாமல் கப்ளரில் மாட்டுவார்களா? (வெட்டினால் வாரண்டி கோவிந்தா.)

எஞ்சினையே எழவிடாத இம்மொபிலைசர் ஒன்று உண்டு. பல புது கார்களில் கம்பெனியே வைத்துத் தருகிறது. ஆனால் அது வாயே திறக்காது. காசு கொடுத்தவருக்குத் தெரு திரும்பிப் பார்க்க வேண்டாமா?