இல்லாள் கைக்கேற்ற செயின்சோ: பிலிமத்தலாவைக் கொல்லையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

பிலிமத்தலாவையில் மனைவிக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று எவரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கொழும்பு - கண்டி வீதியின் இரு மருங்கிலும் அதற்கான விடை பளபளவென்று தொங்குகிறது. குத்துவிளக்கு, தூக்குவிளக்கு, தாம்பாளம் எல்லாம் பித்தளை. இத்தனை விடைகளையும் தாண்டி நடந்து, ஹார்ட்வெயார் கடைக்குள் நுழைந்து, "மனைவிக்கு ஒரு செயின்சோ வேண்டும், சின்னதாக, பாரமில்லாததாக" என்று ஒருவன் கேட்பானானால், அவன் உலகத்துக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவன். அவ்விளக்கமே இவ்வாராய்ச்சி.

மரபுப்படி பாயிரம். வழி: முன்னூல் எதுவும் கைக்கு எட்டாமையால் இது முதனூல். எல்லை: ரயில் பாதைக்கும் தவுலகலை வீதிக்கும் இடையில் அடங்கிய அரை ஏக்கர். நுதலிய பொருள்: எடை. கேட்போர்: மணமானவர்கள். பயன்: பத்து விரலும் எஞ்சுதல்.

முதலில் களம். விவசாய நூல்கள் 'கண்டி வீட்டுத் தோட்டம்' என்று புகழ்ந்து எழுதுவது எங்கள் கொல்லைப்புறம் போன்றவற்றைத்தான். உச்சியில் தென்னையும் பலாவும், அதற்குக் கீழே சாதிக்காயும் கராம்பும் கமுகும், அதற்கும் கீழே கோப்பி, இவை எதையும் மதிக்காமல் எல்லாவற்றிலும் ஏறும் மிளகுக்கொடி. மிளகு ஏறுவதற்கென்றே நட்டது கிளிரிசிடியா. யாழ்ப்பாணத்தார் சீமைக்கிளுவை என்பார்கள். வருடத்தில் சில தடவை அதன் கிளைகளைக் கழித்து வெயில் விடாவிட்டால் மிளகு இலையை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். கழித்த தழை மண்ணுக்கு நல்ல தழைச்சத்து. ஆகவே இங்கே மரம் வீழ்த்தும் வேலை இல்லை. கிளை கழிக்கும் வேலை. மணிக்கட்டு மொத்தத்திலிருந்து தொடை மொத்தம் வரை.

இந்த வேலையைச் செய்துவருபவள் என் மனைவி. கருவி கத்தி. அவளுடைய தகப்பனார் ஹந்தானைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டியவர். கொழுந்து பறிப்பது பெண், கவ்வாத்து வெட்டுவது ஆண் என்பது ஒன்றரை நூற்றாண்டாக மலையகத்தில் யாரும் திருத்தாத வேலைப்பிரிவினை. அப்பாவுக்குச் சாயத்தண்ணி கொண்டுபோன நேரங்களில் அவர் கத்தியைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொல்வாள். ஒரே வீச்சு, சாய்ந்த வெட்டு, பட்டை கிழியாது. நான் வெட்டினால் கிளை வாய் பிளந்து நிற்கும். இதை ஆய்வுத் தரவாக மட்டும் இங்கே பதிவுசெய்கிறேன்.

இனி, மனைவிக்குச் செயின்சோ கொடுத்தல் அகத்திணையா புறத்திணையா என்றொரு வினா எழும். தலைவன் தலைவிக்குத் தழையாடை கொண்டுவருவது அகம். அந்தத் தழையையும் யாரோ எங்கோ கழித்துத்தான் இருக்க வேண்டும். ஆனால் மரம் வெட்டுதல் என்றால் நம் இலக்கியம் உடனே பகைவரின் காவல்மரத்துக்குப் போய்விடுகிறது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடம்பை வெட்டி முரசு செய்தான். அவன் மகன் களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல் நன்னனின் வாகையை வீழ்த்தினான். இன்னொரு மகன் செங்குட்டுவன் பழையனின் வேம்பை வெட்டினான். தகப்பனும் இரண்டு பிள்ளைகளுமாக நடத்திய குடும்பத் தொழில் இது. அரண்மனைப் பெண்கள் கையில் கோடரி கொடுத்ததாகச் செய்தி இல்லை. ஆகவே முன்னோர் வழக்குக் காட்டி இதை நிறுவ இயலாது, காட்டாமலே மேற்செல்கிறோம்.

எடை. கடையில் "நாலு கிலோதான் சேர்" என்பார்கள். பெற்றோலில் ஓடும் வீட்டுப் பாவனைச் செயின்சோவுக்கு அட்டையிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். உரையாசிரியர் இங்கே குறுக்கிட வேண்டும். அந்த நாலு கிலோ எஞ்சினின் வெற்றெடை. அதில் பெற்றோல் இல்லை, சங்கிலிக்கு ஊற்றும் ஒயில் இல்லை. பெரும்பாலும் முன்னே நீளும் பாரும் அதைச் சுற்றும் சங்கிலியும் கூடச் சேர்க்கப்படவில்லை. எல்லாம் சேர்ந்து கைக்கு வரும்போது ஐந்தைத் தாண்டும். அந்த ஐந்தும் நேரே கீழே தொங்குவதில்லை, உடம்பிலிருந்து விலகி முன்னால் நிற்கிறது. ஐந்து கிலோ அரிசிப் பையை மார்புக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு இந்தப் பந்தியை இன்னொரு முறை வாசிக்கும்படி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அஃதேல், பாரம் குறைந்ததை வாங்கினால் போயிற்று எனின், அங்கேதான் பொறி. பெற்றோல் செயின்சோக்களில் சிறியதும் பாரம் குறைந்ததுமான வகைக்குப் பிடி எஞ்சினின் தலைமேல் இருக்கும். பார்த்தால் பொம்மை போல. அப்பாவிக் கணவன் முதலில் நீட்டும் விரல் அதை நோக்கித்தான் போகும். அது பயிற்சி பெற்று, கயிற்றில் தொங்கி மரமேறுகிறவர்களுக்காகச் செய்தது. பிடிகள் இரண்டும் நெருங்கி இருப்பதால் இயந்திரம் துள்ளினால் அடக்குவதற்கு நெம்பு பலம் போதாது. துள்ளல் என்பது பாரின் நுனியில் மேற்கால்வாசி எதிலாவது முட்டும்போது நிகழ்வது; விநாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் ஓடும் சங்கிலி மரத்தைக் கவ்விக்கொள்ள, மொத்த இயந்திரமும் மேல்நோக்கிப் பிடித்திருப்பவரின் முகத்தைப் பார்த்து எழும். கண் இமைக்கும் நேரம்கூட அதற்கு வேண்டாம். ஆகக் குறைந்த பாரத்தில் ஆகக் கூடிய கவனம் என்பது இத்துறையின் முதல் விதி. 'பெண்களுக்கு ஏற்றது' என்ற சொற்றொடர் எந்தப் பெட்டியில் அச்சாகியிருந்தாலும் வாங்குபவர் அதைப் புரட்டி மறுபக்கத்தை வாசிக்கவும்.

பெண்ணுக்கு எது ஏற்றது என்று பெண்ணைக் கேளாமல் தீர்மானிப்பது இந்தக் கருவியின் பிறவிக் குணம் என்றுகூடச் சொல்லலாம். சங்கிலி வாளின் ஆதி வடிவத்தை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்தவர்கள் மரவெட்டிகள் அல்லர். ஸ்கொட்லாந்து மருத்துவர்கள் இருவர்: ஜோன் ஐட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே. இரு முனையிலும் கைப்பிடி வைத்த, பற்கள் கொண்ட மெல்லிய சங்கிலி அது. பிரசவம் சிக்கலானால் இடுப்பெலும்புப் பொருத்தை அறுத்து வழி உண்டாக்குவதும் அதன் உத்தேசங்களில் ஒன்று. மயக்க மருந்து புழக்கத்துக்கு வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. செயின்சோவின் வரலாற்றில் முதன்முதல் வருகிற பெண் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை என்பதை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. சொன்னால் விற்காது.

பின்னர் அது காட்டுக்குப் போய்ப் பருத்தது. 1926இல் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் ஜெர்மனியில் செய்த மின்சாரச் செயின்சோ பெரும் பாரம். இரண்டு ஆட்கள் தூக்க வேண்டும். அவருடைய நிறுவனம் ஒருவரே பிடிக்கக்கூடிய பெற்றோல் வகையை 1950இல் கொண்டுவந்தபோது அது 16 கிலோ. இடையில் 1946 அளவில் அமெரிக்காவின் ஒரேகனில் ஜோசப் கொக்ஸ் என்பவர், வெட்டிய மரக்குற்றியில் ஒரு வண்டின் புழு இடமும் வலமுமாகக் கடித்துச் சாவகாசமாக முன்னேறுவதைக் கவனித்துச் சங்கிலிப் பல்லை அதன் தாடை மாதிரியே வளைத்தார். இன்று ஓடும் சங்கிலிகள் அந்தப் புழுவின் வாரிசுகள். மனைவிக்கு வாங்கும் கருவியின் குலமுறை கிளத்தல் இவ்வளவு போதும்.

இப்போது சந்தையை நிறைத்திருப்பது பற்றரிச் செயின்சோ. நாலு அங்குலம், ஆறு அங்குலம், எட்டு அங்குலம்; ஒன்று ஒன்றரைக் கிலோ; பிளாஸ்டிக் பெட்டிக்குள் இரண்டு பற்றரி. இங்கே ஆராய்ச்சியாளனுக்குச் சுவடிப் பதிப்பாசிரியனின் தொல்லை வந்து சேர்கிறது. ஒரே இயந்திரம், ஒரே நிறம், ஒரே திருகாணி. ஆனால் ஒரு பெட்டியில் 24 வோல்ட், இன்னொன்றில் 48, மற்றொன்றில் 88 என்றும் பக்கத்தில் பொருள் விளங்காத ஓர் எழுத்தும். எது மூலபாடம்? பாடபேதங்களை ஒப்பிட்டுக் குழம்புவதைவிட ஏட்டையே பிரித்துப் பார்ப்பது மேல். பழுதான ஒரு பற்றரியைத் திறந்தால் உள்ளே லித்தியம் கலங்கள் ஐந்து, வரிசையில் இணைத்தவை. முழுதாகச் சார்ஜ் ஏறிய ஒரு கலம் 4.2 வோல்ட். ஐந்தையும் கூட்டினாலும் 21க்கு மேல் வராது. வேலை செய்யும்போது 18தான். 88 என்பது இடைச்செருகல். அச்சகத்தார் கைவரிசை.

இந்தக் குட்டி இயந்திரங்களை ஒற்றைக் கையால் பிடிக்கலாம் என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். குறையும் அதுவே. வலது கை விசையில் இருக்கும்போது வேலையில்லாத இடது கை சும்மா இருப்பதில்லை. கிளையைப் பிடிக்கப் போகும், சங்கிலிக்கு அண்டையில். பெரும்பாலானவற்றில் சங்கிலியை நிறுத்தும் பிரேக் கிடையாது. ஒயிலும் தானாக இறங்காது பலவற்றில். நாமே சொட்டுவிட வேண்டும். அடுப்படியில் கைக்கு அகப்பட்ட தேங்காயெண்ணெயை விட்டால் அன்றைக்கு ஓடும், குளிர் விழுந்தால் உறைந்துவிடும்.

எதிர்வாதம் ஒன்றை அயல்வீட்டுப் பெரியவர் வேலிக்கு அப்பாலிருந்து முன்வைத்தார். பக்கத்திலிருக்கும் எம்பெக்கே தேவாலயத்தில் 26 கூரைச் சட்டங்களை ஒரே மர ஆணியில் கோத்திருக்கிறார்களே, 14ஆம் நூற்றாண்டில் அவர்களிடம் செயின்சோவா இருந்தது என்றார். வலுவான வாதம். ஆனால் கோடரியும் வாச்சியும் பிடித்த அந்த ஆசாரிமாருக்கு மூன்றாம் விக்கிரமபாகு படியளந்தான் என்கிறார்கள். எங்கள் வீட்டில் கிளை கழித்துவிட்டு வந்து அதே கையால் தேங்காயும் துருவ வேண்டும்.

எடைகளிலே பெரிய எடை கடதாசி எடை. பெற்றோல் செயின்சோவின் சத்தம் நூறு டெசிபெலைத் தாண்டும். ஊசிக் கிளை ஒன்றை அறுத்தாலும் ஊர் முழுக்கப் பலா சரிகிறது என்று செய்தி போய்விடும். பலா சாமானியமான மரம் அல்ல. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. கிராம சேவகர் பார்த்துச் சொல்ல வேண்டும், பிரதேச செயலகம் அனுமதி தர வேண்டும். நாடெங்கும் பத்து இலட்சம் பலா நடவேண்டும் என்று அலைந்து 'கொஸ் மாமா' என்று பெயர் வாங்கிய ஆதர் வி. டயஸ் வாழ்ந்த நாடு இது. கொஸ் என்றால் சிங்களத்தில் பலாக்காய். போதாததற்கு 2019இல், ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் காலத்தில், செயின்சோ வைத்திருப்போர் அதைப் பதிவுசெய்ய வேண்டும் என்று அறிவித்தார்கள். இறக்குமதியைத் தடுக்கும் பேச்சும் அதே வருடம் எழுந்தது. நாலு கிலோவைத் தோள் தாங்கும். இந்தக் கடதாசியை எந்தத் தோளும் தாங்காது.

இவ்வளவும் தொகுத்து, அட்டவணை போட்டு, ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஆய்வுக்குரியவளின் முன் சமர்ப்பித்தேன். வோல்ட்டுப் பகுதியைப் பொறுமையாகக் கேட்டாள். பிரசவப் பகுதியில் எழுந்துபோய்ச் சட்டி கழுவினாள். திரும்பி வந்து கேட்டது ஒன்றுதான்.

"என்னங்க, இந்த மெஷினு கொடியப் பாத்து வெட்டுமா?"

ஆராய்ச்சி அந்த இடத்தில் நின்றுவிட்டது. கிளிரிசிடியாவைச் சுற்றித்தான் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. கத்தியை ஓங்கும் கைக்குக் கொடி எங்கே, கிளை எங்கே என்று தெரியும். பாதியில் நிறுத்தவும் திருப்பவும் முடியும். சங்கிலிக்கு மரமும் கொடியும் ஒன்று. எடையைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியவன் கொடிக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதவில்லை.

மறுவாரம் அவளே கடைக்கு வந்தாள். முதலாளி என்னைப் பார்த்து "நோனாவுக்கா?" என்று தொடங்கினார். அவள் எடையைக் கேட்கவில்லை. சங்கிலி தளர்ந்தால் சாவியில்லாமல் இறுக்கலாமா, இதே சங்கிலி இந்தக் கடையிலேயே தனியாகக் கிடைக்குமா, விசையை விட்டால் எவ்வளவு நேரத்தில் நிற்கும் என்று கேட்டாள். மூன்றாவது கேள்விக்கு அவர் வாயால் பதில் சொல்லாமல் இயக்கிக் காட்டினார். இரண்டு கையாலும் பிடிக்கும்படி முன்னால் பிடி வைத்த, எட்டு அங்குலப் பற்றரி வகையை எடுத்தாள். கடையில் இருந்த பற்றரி வகைகளில் அதுதான் பாரம் கூடியது. கொடி ஏறாத மேற்கிளைகளுக்கு மட்டும் அது. கொடி இருக்கும் இடத்துக்குக் கத்திதான் என்று அங்கேயே தீர்ப்பும் வந்தது. கையுறையும் கண்ணாடியும் கேட்டு வாங்கினாள். கண்ணாடி இரண்டு. ஒன்று எனக்கு, கீழே நின்று கிளை இழுப்பதற்கு.

பதிவு விடயம் என் மனதை அரித்துக்கொண்டிருந்ததால் ஓர் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தோம். எழுதுவினைஞர் எஞ்சின் இலக்கம் என்ன என்றார். எஞ்சின் இல்லை, பற்றரி என்றேன். அப்படியானால் இது செயின்சோவா என்றார். சங்கிலி இருக்கிறது என்றேன். நெடுநேரம் யோசித்தார். எதற்கும் ஒரு வெள்ளைத் தாளில் விபரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். மனைவி பேனாவை வாங்கி உரிமையாளர் என்று எழுதித் தன் பெயரை இட்டாள். இயக்குபவர், அதற்கும் தன் பெயர். பாவனை நோக்கம், மிளகு. பின்பு தாளை என் பக்கம் தள்ளினாள். அடியில் 'சாட்சி' என்று எழுதி ஒரு கோடு போட்டிருந்தாள்.