கம்பாரில் தோற்றது யார்?

கேள்வி: மலாயாவின் பேராக் மாநிலத்துக் கம்பாரை நான்கே நாளில் ஜப்பானியரிடம் விட்டுவிட்டுப் பின்வாங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையைப் போய் ஏன் புகழ்கிறார்கள்?

பதில்: முன்வாசலை உடைக்க முடியாதவன் கொல்லைப்புறமாக நுழைந்தால், வாசலில் நின்றவனைக் கோழை என்பீர்களா? 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை ஜப்பானியர் மோதியும் கம்பார் மேடுகளின் தற்காப்பு உடையவில்லை. கிழக்கே மலை, மேற்கே திறந்த ஈயச் சுரங்க வெளி. வருகிறவனை மறைக்க அங்கே ஒன்றுமில்லை. அந்த மேடுகளில் ஒன்றான தாம்சன் மேட்டில் இழந்த அகழிகளைக் கடைசி நாளில் ஜாட்-பஞ்சாப் பட்டாளத்துச் சீக்கியர்கள் துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்து மீட்டார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை. பேராக்கின் போர் வரலாற்றை எண்ணும்போது இவர்களையும் எண்ண வேண்டும் என்பது என் கட்சி. பின்வாங்கக் காரணம், ஜப்பானியர் கடல்வழியாக ஊத்தான் மெலிந்தாங், தெலுக் ஆன்சன் பக்கம் இறங்கிப் பின்பாதையை நெருங்கியதுதான்.

‘அப்படியானால் அடுத்த ஐந்தே நாளில் சிலிம் ரிவரில் ஏன் நொறுங்கினார்கள்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே ஜனவரி 7 விடியுமுன் சாலைவழியே பாய்ந்தவை டாங்கிகள்; எதிரே இருந்தவர்களோ வாரக்கணக்கில் போரிட்டும் பின்வாங்கியும் களைத்தவர்கள். அந்தத் தோல்வியைக் கம்பார் கணக்கில் எழுதக் கூடாது.