கவிஞரே சொல்லிக்கீறாரு

என்னிடம் கண்ணதாசனின் ‘வனவாசம்’ ஒரு பிரதி இருக்கிறது. இருக்கிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. வருஷத்தில் பத்து மாதம் அது எங்கள் ஊர் சுண்ணாம்புக்குளத்தில் யார் வீட்டுப் பரணிலாவது, யார் படகிலாவது கிடக்கும். திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய விலைக்கு வாங்கியபோது அதற்கு அட்டை இருந்தது. அது போய் இப்போது ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையாக இருக்கிறது. அந்த மணமக்களுக்கே இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன. பக்கத்தை முகர்ந்தால் கருவாடு. ஓரிடத்தில் மடவையின் செதில் ஒன்று ஒட்டிக் காய்ந்து, கண்ணாடிக் காகிதம் போல ஓர் எழுத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பெயர்த்தால் எழுத்தும் கூட வந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

புத்தகத்தை மேசைமேல் சும்மா வைத்தால் தானாக ஒரு பக்கத்தில் பிளந்துகொள்ளும். கவிஞர் தன் சறுக்கலை ஒப்புக்கொள்ளும் பக்கம். மூன்று நிற மையில் அடிக்கோடு, ஓரத்தில் ‘உண்மை’, ‘உண்மை’ என்று இரண்டு சாட்சிக் கையெழுத்து. அந்தச் சறுக்கலுக்குக் கவிஞர் கொடுத்த விலையைச் சொல்லும் பக்கங்கள் மட்டும் புது நோட்டு மாதிரி மொடமொடவென்று இருக்கின்றன.

இந்தப் பிளவுக்குக் காரணகர்த்தா எங்கள் தெரு வனவாசம் அண்ணன்.

பெயர் வேறு, நான் சொல்லப்போவதில்லை. இப்படி ஒருத்தர் ஊருக்கு ஊர் உண்டு, உங்கள் ஊரிலும் இருப்பார். தன் தப்புக்கு ஒரு பெரிய மனிதரை ஜாமீன் பிடித்து வைத்திருப்பவர். எங்கள் அண்ணனுக்கு வயது ஐம்பத்து மூன்று. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அந்த இடத்தில் வலைநூல் கட்டியிருக்கும். சாயங்காலம் கரையில் கவிழ்த்துப் போட்ட படகில் சாய்ந்து, மடியிலிருந்து குவார்ட்டரை எடுப்பதற்கு முன்னால் புத்தகத்தை எடுப்பார். அந்த வரிசை தப்பாது. ஒரு பத்தி படிப்பார், ஒரு மடக்கு. தொட்டுக்கொள்ள ஊறுகாய் இல்லாத நாளில் அரைப் பத்தி கூட.

“தம்பி, தப்பா நெனைக்காத. கவிஞரே சொல்லிக்கீறாரு.”

என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டால் அதற்கு நேர்ப்பதில் கிடையாது. அண்ணன் கணக்கில், ராத்திரி குடித்தால் காலையில் தலை வலிக்காது என்பதையும் கவிஞர் சொல்லியிருக்கிறார். மாமியார் வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகலாம் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். புத்தகத்தை நான் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன். அண்ணன் மேற்கோள் காட்டுகிற கண்ணதாசன், கண்ணதாசன் எழுதியதைவிட நிறைய எழுதியிருக்கிறார்.

அண்ணனைக் குறை சொல்லவும் முடியாது. இத்தனை வெளிச்சமாகத் தன்னைத் திறந்து போட்ட இன்னொரு பிரபலம் தமிழில் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. மது, பெத்தடின் ஊசி, கடன், பெண் என்று எதையும் மூடாதவர். ‘வனவாசம்’ பிறப்பில் தொடங்கி 1961-இல் தி.மு.க.வை விட்டு வெளியேறுவது வரைக்கும், மிச்சம் ‘மனவாசம்’. எல்லாவற்றையும் ‘நான்’ என்று சொல்லாமல் ‘அவன்’ என்று சொல்லிக்கொண்டு போகிறார். எனக்கு அந்த ‘அவன்’ பிடிக்கும். தன்னையே எதிர்வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துப் பார்க்கிற தூரம் அதில் இருக்கிறது. ஆனால் அந்த ‘அவன்’ காலியாகக் கிடக்கும் நாற்காலி மாதிரி. யார் வேண்டுமானாலும் துண்டைப் போட்டு இடம் பிடித்துக்கொள்ளலாம். அண்ணன் பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் சட்டம் பேசினார்.

“கவிஞர் குடிச்ச காலத்துல இங்க மதுவிலக்கு. கரெக்டா?”

பெரும்பாலும் சரிதான். 1971-இல் திறந்து, 1974-இல் மூடி, 1981-இல் மறுபடி திறந்தார்கள். டாஸ்மாக் 1983-இல் வந்தது. சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது 2003-இல்.

“அப்போ அவுரு சட்டத்த மீறிக் குடிச்சாரு. நான் கவர்மெண்டு கடையில பில்லு போட்டுக் குடிக்கிறேன். யாரு யோக்கியன், சொல்லு?”

அந்தக் காலத்தில் பர்மிட் என்று ஒன்று இருந்ததை நான் சொல்லவில்லை. சொன்னால் அதையும் கவிஞரே சொல்லியிருப்பார்.

“பாவம், கட தொறந்த வருஷமே போயிட்டாரு,” என்று அன்றைக்குக் கொஞ்சம் கலங்கினார்.

ஜாமீன்தாரர் ஒருவர் போதாது என்று இடையில் காந்தியையும் சேர்த்துக்கொண்டார். சிறுவயதில் சிகரெட் துண்டு பொறுக்கியதையும் வேலைக்காரன் காசைத் திருடிப் புகைத்ததையும் காந்தி ‘சத்திய சோதனை’யில் மறைக்காமல் எழுதியிருப்பதை யாரோ டீக்கடையில் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் தெருவில் காந்தி பீடி வாசனை. அதற்கப்புறம் அவர் அதைத் தொடவே இல்லை என்று சொல்லப் போனேன். “அது அவுரு இஷ்டம் தம்பி,” என்றார்.

உழைப்பு விஷயத்தில் அண்ணன் தோழமை மிக்கவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு. அண்ணனிடம் இருப்பது கழி ஊன்றித் தள்ளுகிற படகு. இருந்தாலும் ஒற்றுமை முக்கியம் என்று அவரும் இழுத்துக் கரையேற்றிவிடுவார். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்று மீனவர்களை எச்சரிப்பார்கள். அண்ணனுக்குத் தொழில் ஏரியில். அன்றைக்கு ஏரிக்கும் லீவு என்று அவரே அறிவித்துக்கொள்வார். ராக்கெட் மேலே போகும், இவர் படகில் சாய்ந்து அண்ணாந்து பார்ப்பார், நாலாவது மடக்கில் இரண்டு ராக்கெட் தெரியும்.

இங்கே அண்ணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த ஏரியோரக் குப்பங்களில் ‘பாடு’ என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று தலைக்கட்டுக்காரர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. முறை வந்த நாளில் போகாவிட்டால் அன்றைய இறால் அடுத்தவனுக்கும் இல்லை, உனக்கும் இல்லை, ஏரிக்குத்தான். ஒரு பாட்டு நாளில் அண்ணன் படுத்துவிட்டார். அண்ணி திண்ணையில் இறால் தலை கிள்ளிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்:

“கவிஞரு குடிச்சா பாட்டு வந்துச்சு. நீ குடிச்சா இன்னாய்யா வருது? வந்த பாடும் போவுது.”

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். “இது கவிஞர் சொன்னா மாதிரியே கீது,” என்றார்.

மற்ற வாசகர்களையும் ஒரு கை பார்த்துவிடுகிறேன். எங்கள் கட்சிக்காரர் ஒருவர் ‘வனவாச’த்தை வாங்கிப் போய் ஒரே ராத்திரியில் திருப்பிக் கொடுத்தார், எந்தத் தலைவரைப் பற்றி என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தாராம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சில பக்கங்களைக் குண்டூசியால் சேர்த்துக் குத்தி அனுப்பினார். ஊரில் அதிகம் படிக்கப்பட்டது அந்தக் குண்டூசிப் பக்கங்கள்தான். ‘இயேசு காவியம்’ மட்டும் படித்திருந்த சபைக்காரர் ஒருவர், அதே ஆளா இது என்று கேட்டு, ஆமாம் என்றதும் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டார்.

போன தீபாவளிக்கு என் சொந்த அண்ணன் மகன் வந்திருந்தான். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. கையில் மேத்யூ பெர்ரியின் சுயசரிதை. ‘பிரெண்ட்ஸ்’ தொடரில் எல்லாரையும் சிரிக்கவைத்த மனிதர். மாத்திரைக்கும் மதுவுக்கும் அடிமையாகி மீண்டதை 2022-இல் புத்தகமாகப் போட்டார். குடல் வெடித்துச் சாகக் கிடந்ததை எழுதினார். படித்தவர்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள்? நடிகர் கீனு ரீவ்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறாரே என்று போகிறபோக்கில் எழுதிய ஒரு கிண்டலை. அதற்கு அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. எங்கள் கட்சிக்காரருக்கு அமெரிக்காவிலும் கிளை இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

பையன் இதையெல்லாம் வனவாசம் அண்ணனிடம் சொன்னான். குடியை விடுவதற்கு மட்டும் அந்த மனிதர் ஏறக்குறைய 90 லட்சம் டாலர் செலவு செய்ததாகச் சொன்னதையும் சொன்னான்.

“உடுறதுக்கா?” அண்ணனுக்கு மூச்சு நின்றது. “குடிக்கிறதுக்கு இல்லியே?”

“விடுறதுக்குத்தான் பெரியப்பா.”

“அதான் பார்த்தேன். குடிக்கிறது எவ்ளோ சிக்கனம்.”

பையன் விடவில்லை. படித்த பிள்ளை, கணக்குப் போட்டுக் காட்டினான். கவிஞர் 1981 அக்டோபர் 17-இல் சிகாகோவில் காலமானார், வயது 54. மேத்யூ பெர்ரி 2023 அக்டோபர் 28-இல் லாஸ் ஏஞ்சல்ஸில், அவருக்கும் வயது 54. எனக்கே முதுகில் சில்லென்றது. அண்ணி தலை கிள்ளுவதை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தாள். “உனுக்கு இப்போ இன்னா வயசு?”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி, வலைநூலை இறுக்கிக் கட்டி, மறுபடி மாட்டினார்.

“ரெண்டு பேரும் எங்க போனாங்கோ? அமெரிக்காவுல. அந்த ஊரு தண்ணி ஒத்துக்கல. நான் இன்னா அமெரிக்காவா போவப் போறேன்?”

ஊரில் ‘வனவாச’த்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் அறிந்த ஒரே ஆள் அண்ணி. படித்தல்ல, கேட்டு. இறால் குவியலுக்கு எதிரில் மகளை உட்காரவைத்துத் தினமும் பத்துப் பக்கம் வாசிக்கச் சொன்னாள். குண்டூசியை அவளே பிடுங்கினாள். பிடுங்கியதில் நகக்கண்ணில் ஏறி ரத்தம் வர, உப்புத் தண்ணியில் முக்கிவிட்டு, “மேல படி,” என்றாளாம். கவிஞர் ‘கவலை இல்லாத மனிதன்’ என்று 1960-இல் சொந்தப் படம் எடுத்துக் கடனில் முழுகிய கதையை நான் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பேரு வெக்கும்போது தெளிஞ்சிருந்தாரா?” என்றாள். அப்புறம் என்னிடம் ஒன்று கேட்டாள்.

“ஏந்தம்பி, கவிஞரு ஊட்டுக்காரம்மா எதனா எழுதிச்சா?”

எனக்குத் தெரிந்து அப்படி ஒரு புத்தகம் நான் பார்த்ததில்லை, அண்ணி என்றேன்.

“எங்க நேரம் இருந்துருக்கும்,” என்று சொல்லிவிட்டு இறாலுக்குத் திரும்பிவிட்டாள்.

கார்த்திகை பிறந்தால் அண்ணன் மாலை போட்டுக்கொள்வார். அது ஒரு காட்சி. கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், விடிகாலை ஏரியில் முழுக்கு. மடியில் குவார்ட்டர் இருந்த இடத்தில் விபூதிப் பை. நேரே என் வீட்டுக்கு வந்து ‘வனவாச’த்தை இரண்டு கையாலும் நீட்டுவார். “சாமி, இது இருக்கட்டும். அந்த இன்னொண்ணு குடுங்க.” இன்னொன்று ‘அர்த்தமுள்ள இந்துமதம்’. அதே கவிஞர்தான். அன்றிலிருந்து தெருவில் ஒருத்தர் வாயில் பீடி இருக்கக் கூடாது. டீக்கடையில் உட்கார்ந்து குடியின் கேட்டைப் பற்றி அண்ணன் பேசினால் கேட்பவனுக்குக் கண்ணீர் வரும். பாடு ஒன்றும் தப்பாது. இறால் ஏறும், அடகுக்கடையில் கிடந்த தோடு அண்ணி காதுக்குத் திரும்பும். பூநாரைகள் ஏரிக்கு வந்து சேரும் பருவமும் அதுவேதான், அதனால் தெருவில் எங்களுக்கு இரண்டும் ஒரே கணக்கு. பூநாரை நிற்கிற வரைக்கும் அண்ணனும் நிற்பார் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். பூநாரை அவரைவிடச் சில மாதம் கூடுதலாகத் தங்கும்.

“எப்படி சாமி, முடியுது?” என்று ஒருமுறை கேட்டேன்.

“கவிஞரே சொல்லிக்கீறாரு சாமி,” என்றார்.

இந்தத் தடவை மகரஜோதி பார்த்து, மலையிறங்கி, மாலையைக் கழற்றிய மறுநாள் பொழுது சாய்கிற நேரம். வாசலில் அண்ணன் மகள் நின்றாள். ‘அர்த்தமுள்ள இந்துமத’த்தைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். என் கையில் கொடுத்துவிட்டு, மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி மூச்சு விடாமல் சொன்னாள்:

“அப்பா வனவாசம் வாங்கினு வரச் சொல்லிச்சு. அம்மா, புக்கு இல்லன்னு சொல்லச் சொல்லி உங்ககிட்ட சொல்லச் சொல்லிச்சு.”